பில் இல்லாத மாத்திரை

மே 4

திருச்சியில் விமானம் இறங்கி, பேராவூரணி வந்து சேர மதியம் ஆகிவிட்டது. இரண்டரை வருடத்துக்குப் பிறகு வீடு. இந்த டைரி புது வருடத்துக்குக் கம்பெனி கொடுத்தது. ஓமானில், சோஹாரில் ட்ரெய்லர் ஓட்டுகிறவன் தினமும் ட்ரிப் விவரம் எழுதித்தான் ஆக வேண்டும். அந்தப் பழக்கத்தில் லீவிலும் எழுதுவோம் என்று எடுத்து வந்திருக்கிறேன்.

முன்கூடம் அடையாளம் தெரியவில்லை. மூன்று பவர் மிஷின், நடுவில் துணி வெட்டும் மேசை, சுவரோரம் நைட்டிக் கட்டுகள். மனைவி வளர்மதி பட்டுக்கோட்டைக் கடைக்குத் தைத்துக் கொடுக்கிறாள். போனில் சொல்லியிருக்கிறாள்தான். இவ்வளவு என்று நான் நினைக்கவில்லை. பெட்டியோடு நான் நுழைந்ததும் மிஷின்கள் நின்றன. தைக்க வரும் பெண்கள் இரண்டு பேரும் எழுந்து நின்று, "வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

மகள் இலக்கியா என் தோள் உயரம் வந்துவிட்டாள். "வாங்கப்பா, பயணம் எல்லாம் சௌகரியமா இருந்துச்சா?" என்று விருந்தாளியிடம் கேட்பது போலக் கேட்டாள். சாயங்காலமே அவளை மன்னார்குடிக்கு, மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டாள் வளர்மதி. "பள்ளிக்கூடம் லீவுதானே, கொஞ்ச நாள் இருந்துட்டு வரட்டும்" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். புதுச் சேலை கட்டியிருந்தாள்.

பயணக் களைப்பு. படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மே 5

களைப்பு.

மே 7

களைப்பு இன்னும் தீரவில்லை. வளர்மதி ஆட்டு ஈரல் வாங்கி வரச் சொல்லி மிளகு போட்டு வறுத்தாள். "அங்க சாப்பாடு சரியில்ல போல. நல்லா எளைச்சிட்டீங்க" என்றாள். எந்நேரமும் தண்ணீர் தவிக்கிறது. சாப்பாட்டுக்குள் இரண்டு சொம்பு குடித்துவிட்டேன். ஓமான் வெயில் உடம்பை விட்டுப் போக நாளாகும்.

மே 9

தர்மராசு அண்ணன் போன் செய்தார். எங்கள் ஃபோர்மேன். யாருக்கு எந்த ட்ரிப், யாருக்கு ஓவர்டைம், யாருக்கு எப்போது லீவு, எல்லாம் அவர் கையில். புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வரும்போது அந்த மாத்திரை பத்து அட்டை வாங்கிட்டு வா" என்று சொல்லியிருந்தார். ஆண்களுக்கான மாத்திரை. அங்கே ஒரு மாத்திரைக்குக் கொடுக்கிற காசில் இங்கே ஒரு அட்டையே வாங்கிவிடலாம். அங்கே சீட்டு இல்லாமல் தரவும் மாட்டார்கள். சீட்டுக்கு டாக்டரிடம் போனால் கம்பெனி இன்சூரன்சில் பதிவாகும். அதனால் ஊருக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவது நாங்கள் தங்கும் கேம்பில் வழக்கம். அவர் அதை வைத்து வியாபாரம் செய்கிறார் என்று பேச்சு. அவரிடம் முடியாது என்று சொல்ல யாரால் ஆகும்?

"மறந்துடாதப்பா" என்றார். மறக்கவில்லை அண்ணே என்றேன்.

அவருக்கு வாங்கும்போது கூட ஒரு அட்டை வாங்கினால் என்ன என்று தோன்றியது. சும்மா, களைப்புக்கு.

மே 10

பட்டுக்கோட்டையில் மலிவு விலை மருந்துக் கடை ஒன்று இருக்கிறது. கம்பெனிப் பெயர் இல்லாமல், மருந்தின் பெயரிலேயே விற்பார்கள், விலை நாலில் ஒரு பங்கு என்று பஸ்ஸில் கேள்விப்பட்டுப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் கல்லாவில் ஒரு பெண். நான் வாயைத் திறப்பதற்குள், "நீங்க வளர்மதி வீட்டுக்காரர்தானே? போட்டோவுல பாத்திருக்கேன். நான் புஷ்பலதா. நாங்க ரெண்டு பேரும் ஒரே மகளிர் குழு" என்றாள். "என்ன வேணும்ணே?"

இருமல் மருந்து என்றேன். "வறட்டு இருமலா, சளி இருமலா?" என்று கேட்டாள். அதற்கும் யோசித்துத்தான் சொன்னேன். வாங்கிய பாட்டிலை வீட்டுக்கு வந்து தாழ்வாரத்தில் வைத்திருக்கிறேன். "உங்களுக்கு இருமலே இல்லியே" என்கிறாள் வளர்மதி.

மே 12

அறந்தாங்கியில் ஒரு தனியார் டாக்டர். அந்த ஊரில் என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை. என் நண்பனுக்கு என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டு, "சரி, உங்க நண்பருக்கு சுகர், பிரஷர் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். பார்த்ததே இல்லை என்பதுதான் சரியான பதில். அவர் தொட்டும் பார்க்கவில்லை. எழுதிக் கொடுத்தார். கடை அவர் கிளினிக்குக்குக் கீழேயே. அந்தக் கடையைத் தவிர வேறு எங்கும் அவர் எழுதிய கம்பெனி மாத்திரை கிடைக்காதாம்.

விலையைக் கேட்டேன். நாலு மாத்திரை இருக்கும் ஒரு அட்டைக்குக் கேட்ட பணத்தில் இலக்கியாவுக்கு ஸ்கூல் பேக் வாங்கலாம். இரண்டை மட்டும் வெட்டித் தரச் சொன்னேன். கடைக்காரன் கத்தரிக்கோலால் வெட்டும்போது பக்கத்தில் நின்ற ஆள் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து பிளேடால் ஒவ்வொன்றையும் இரண்டாக்கினேன். பாதி போட்டால் பணம் பாதி மிச்சம்.

மே 14

பாதி மாத்திரையில் தலைவலிதான் வந்தது. முகமெல்லாம் சூடு. வளர்மதி நெற்றியில் கை வைத்துப் பார்த்து, "காய்ச்சலா?" என்றாள். ஆமாம் என்றேன்.

மே 16

தஞ்சாவூர் போனேன். கூட வேலை பார்ப்பவன் ஒருவன் கொடுத்த நம்பர். பழைய பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு மாடி அறையில் ஒருவன் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தான். சீட்டு கேட்கவில்லை. பில்லும் இல்லை. "பில்லு போட்டா வெல ஏறும் சார்." பத்து அட்டை அண்ணனுக்கு, ஒன்று எனக்கு. ஒரு அட்டைக்கு அறந்தாங்கியில் கேட்ட தொகையில் பாதிகூட ஆகவில்லை. அட்டையில் அச்சு கொஞ்சம் கலங்கியிருந்தது. அதைப் பற்றிக் கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

எல்லாவற்றையும் பெட்டியின் அடியில், சோப்புகளுக்குக் கீழே வைத்தேன்.

மே 18

முழு மாத்திரையே போட்டேன். நெஞ்சு படபடத்தது. கண்ணுக்கு எல்லாம் நீலமாகத் தெரிந்தது. வேறு எதுவும் நடக்கவில்லை. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வெகுநேரம் கழித்து வளர்மதி, "நான் ஏதும் தப்பு பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். தூங்குகிற மாதிரி இருந்தேன்.

வீட்டில் எனக்கு உட்கார ஒரு இடம் இல்லை. காலை முதல் மாலை வரை முன்கூடத்தில் மிஷின் சத்தம், பெண்கள். பின்பக்கம் கொல்லை. உள்ளறையில் கட்டில். அந்தக் கட்டிலைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கடைத்தெருவில் சுற்றினால், "என்னப்பா, லீவுல வந்துட்டு வெளியில சுத்துற?" என்று கண்ணடிக்கிறார்கள்.

மே 20

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தைக்கிற பெண்களுக்குக் கொடுக்க சோப்பு எடுக்கிறேன் என்று வளர்மதி பெட்டியைத் திறந்திருக்கிறாள். நான் குளித்துவிட்டு வந்தபோது உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது. கட்டில் மேல் எல்லா அட்டைகளும். நான் ஒரு மாத்திரை எடுத்திருந்த அட்டை மட்டும் அவள் கையில்.

"இது என்னன்னு போன்ல போட்டுப் பாத்துட்டேன்" என்றாள். குரல் உயரவில்லை. வெளியே மிஷின் ஓடிக்கொண்டிருந்தது.

தர்மராசு அண்ணன் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அவள் கையிலிருந்த அட்டையைக் காட்டினாள். "இது பிரிச்சிருக்கே. வந்த நாள்லேர்ந்து என்னைத் தொடக்கூட இல்ல நீங்க. அப்ப யாருக்காக இதைத் திங்கிறீங்க?"

நான் துண்டை எடுத்து மறுபடி தலையைத் துவட்டினேன்.

"அங்க யாரும் இருக்காளா?"

உண்மையைச் சொல்ல எனக்கு இரண்டு வார்த்தை போதும். நாற்பத்தாறு வயது, இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் நான் சம்பாதித்தது, என்னால் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல முடியவில்லை. அதைவிட இது மேல் என்று அந்த நிமிடம் தோன்றிவிட்டது.

"ஆமா" என்றேன்.

அவள் அட்டைகளை ஒவ்வொன்றாக அடுக்கி, திரும்பப் பெட்டியில் வைத்து, மேலே சோப்பை வைத்து மூடினாள். முகம் கழுவிக்கொண்டு வேலைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மே 22

சாப்பாடு வைக்கிறாள். பேச்சு இல்லை. நேற்று மட்டும் குழம்பு ஊற்றிக்கொண்டே, "பேரு என்னா?" என்றாள். மேரி என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பெயர் என்று தெரியவில்லை.

"என்ன வேலை?"

"ஆஸ்பத்திரியில. க்ளீனிங்."

"புள்ளைங்க இருக்கா?"

"ரெண்டு."

"அவளுக்கும் பணம் அனுப்புறீங்களா?"

இல்லை என்றேன். "அப்ப அது பாவம்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். இல்லாத ஒருத்திக்காக என் பெண்டாட்டி பரிதாபப்படுகிறாள்.

மே 25

இலக்கியா வந்துவிட்டாள். அவளும் வளர்மதியும் உள்ளறையில். எனக்கு முன்கூடத்தில், வெட்டு மேசைக்குப் பக்கத்தில் பாய். மகள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்காத அளவுக்கு வளர்ந்துவிட்டாள்.

இன்று ஒரு நிம்மதியும் உண்டு, எழுதவே கூச்சமாக இருக்கிறது. கட்டில் பயம் போய்விட்டது.

மே 27

காலையில் வளர்மதி தரையைப் பார்த்து நின்றாள். வெட்டி வைத்திருந்த வெள்ளை உள்பாவாடைத் துணிமேல் சிவப்புக் கறை. அங்கிருந்து பாய் வரை, பாயிலிருந்து கொல்லை வரை. "யாருக்கு அடிபட்டுச்சு?" என்றாள். யாருக்கும் இல்லை. அப்புறம்தான் என் காலைப் பார்த்தாள். வலது கட்டைவிரலுக்கு அடியில் புண். சுற்றிலும் கறுத்து வீங்கியிருந்தது. சத்தியமாக எனக்கு வலிக்கவே இல்லை.

"வண்டியில ஏறுங்க" என்றாள். ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறாள். பின்னால் உட்கார்ந்து பட்டுக்கோட்டை அரசு ஆஸ்பத்திரி வரை போனேன்.

டாக்டர் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது. காலைப் பார்த்தவுடன் சுகர் பார்க்கச் சொன்னார். விரல் நுனியில் குத்தி மெஷினில் பார்த்த நர்ஸ், மறுபடியும் ஒரு தடவை குத்திப் பார்த்தாள். நானூறுக்கு மேல். எக்ஸ்ரேயில் விரலுக்கு அடியில் ஒரு மெல்லிய கோடு தெரிந்தது. உடைந்த மிஷின் ஊசி. எப்போது ஏறியது என்றே தெரியாமல் அதோடு நடந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"எத்தனை வருசமா சுகர்?" என்றார் டாக்டர்.

"எனக்கு சுகர் இல்ல டாக்டர்."

"இருக்கு. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா விரலை எடுக்கணும். வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

நான் இல்லை என்று தலையாட்டுவதற்குள் வளர்மதி பேசினாள். "டாக்டரம்மா, ஒண்ணு சொல்றேன். இவருக்கு அங்க ஒரு பொம்பளை பழக்கம் இருக்கு. நோய் நொடி ஏதும் இருக்கான்னு அந்த ரத்தப் பரிசோதனையும் சேத்துப் பண்ணிடுங்க. எனக்கும் பண்ணுங்க. வீட்டுல வயசுப் பொண்ணு இருக்கு."

சொல்லும்போது சேலைத் தலைப்பைக் கையில் முறுக்கிக்கொண்டிருந்தாள். நர்ஸ் என்னைப் பார்த்தாள். டாக்டர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"அப்படி யாரும் இல்ல டாக்டர்" என்றேன்.

"பரவாயில்ல, டெஸ்ட் பண்ணிப்போம்."

"சத்தியமா யாரும் இல்ல. அந்த மாத்திரை எனக்குத்தான். இங்கதான் போட்டேன். எனக்கு..." அதற்கு மேல் வரவில்லை. "எனக்கு முடியல. ரெண்டு வருசமா. காலையில எந்திரிக்கும்போதுகூட இல்ல. அதைச் சொல்ல வெக்கப்பட்டு இவகிட்டப் பொய் சொல்லிட்டேன்."

யாரும் சிரிக்கவில்லை. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு, நெஞ்சு வலி உண்டா, இருதயத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஏதும் உண்டா என்று விசாரித்தார். இல்லை என்றதும் மூச்சு விட்டார். "அது இருந்து இதையும் போட்டிருந்தா உயிருக்கே ஆபத்து. எங்க வாங்கினீங்க?"

சொன்னேன்.

"பில் இல்லாத மாத்திரையில என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது, வித்தவனுக்கும் தெரியாது. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. இது உங்க ஆம்பளைத்தனத்துல வந்த கோளாறு இல்ல. சுகர்ல வந்தது. கால்ல ஊசி ஏறினது தெரியாம போச்சுல்ல? அதே நரம்புதான், அதே ரத்தக் குழாய்தான். முதல்ல சுகரைக் கீழ கொண்டு வருவோம். அதுக்கு மருந்து இங்கயே இலவசம். மத்தது தேவைப்பட்டா நானே எழுதித் தர்றேன். அதுவும் ஒண்ணும் சொத்தை விக்கிற செலவு இல்ல."

வளர்மதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வார்டில் சேர்த்துவிட்டார்கள். இதைக் கட்டிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். டைரியை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். படித்திருப்பாளா என்று தெரியவில்லை.

மே 28

ஊசியை எடுத்துவிட்டார்கள். காலையும் இரவும் இன்சுலின். வளர்மதி இட்லி கொண்டுவந்தாள். நான் சாப்பிட்டு முடித்தேன். டிபன் பாக்ஸை மூடும்போது அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ரெண்டு புள்ளைன்னு வேற சொன்னீங்களே" என்றாள். "நான் அதுங்களுக்குத் துணி தச்சு அனுப்பலாமான்னுகூட யோசிச்சேன்."

பிறகுதான் அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"ஒருத்திய வச்சிருக்கேன்னு சொல்ல வாய் வந்துச்சு. எனக்கு உடம்பு சரியில்லன்னு சொல்ல வரல. அப்படி என்னங்க நான் பண்ணிடுவேன்? ஊரைக் கூட்டிச் சொல்லிடுவேனா? ஒரு வாரம், நான் அழகா இல்லியோ, கிழவி ஆயிட்டேனோன்னு கண்ணாடியப் பாத்துட்டு நின்னேன்."

கையை நீட்டினேன். தட்டிவிட்டாள். மறுபடி நீட்டினேன்.

ஜூன் 6

வீட்டுக்கு வந்தாகிவிட்டது. தினமும் கட்டு மாற்ற வேண்டும். செருப்பு இல்லாமல் வீட்டுக்குள்கூட நடக்கக் கூடாது. வளர்மதி முன்கூடம் முழுக்கக் காந்தத்தை இழுத்து உடைந்த ஊசிகளைப் பொறுக்கினாள். ஒரு கைப்பிடி வந்தது. அந்த அட்டைகளையெல்லாம் ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் அழிக்கக் கொடுத்துவிட்டாள். எனக்கு உள்ளறைக் கட்டில் திரும்பக் கிடைத்திருக்கிறது. இலக்கியா முன்கூடத்துக்குப் போய்விட்டாள், தானாகவே.

பேசிக்கொண்டு படுத்திருக்கிறோம். பேச இவ்வளவு இருந்திருக்கிறது.

ஜூன் 17

லீவு முடிய இரண்டு வாரம். புண் ஆற ஜூலை பாதி ஆகும் என்கிறார் டாக்டர். கம்பெனிக்கு மெயில் அனுப்பினோம். குறித்த தேதிக்கு வராவிட்டால் விசா ரத்து என்று பதில்.

தர்மராசு அண்ணனைக் கூப்பிட்டேன். கால் விஷயம் சொன்னேன். "தேதியைத் தள்ளுறது என் கையில இல்லப்பா" என்றார். பிறகு, "அந்தச் சாமான் வாங்கிட்டியா?"

வாங்கியதையும், கொடுத்து அழித்ததையும் சொன்னேன். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"அதை எதுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த?" என்றார். சொன்னேன், முழுதாக. இப்போது சொல்ல வருகிறது.

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கால் எரிஞ்சுச்சா உனக்கு?"

"எரியலண்ணே. மரத்துப் போச்சு."

"எனக்கு எரியுது" என்றார். "ராத்திரியெல்லாம் ஈரத் துணிய சுத்திக்கிட்டுத்தான் படுக்கிறேன். நான் விக்கிறதுக்கு வாங்கச் சொன்னேன்னு நீயும் நெனச்சியா?"

"கேம்ப்ல அப்படித்தான் பேச்சுண்ணே."

"தெரியும். பேசட்டும்னு விட்டுட்டேன். ஆகஸ்ட்ல ஊருக்கு வரேன்ல, அதுக்குத்தான். எங்க ஊருல மருந்துக்கடை வச்சிருக்கிறது என் சம்பந்தி."

சுகர் பாருங்கள் அண்ணே, நாளைக்கே பாருங்கள் என்றேன். பார்த்தால் மெடிக்கல் அன்ஃபிட் என்று ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், கடைசிப் பெண் கல்யாணம் இருக்கிறது என்றார். எல்லோருக்கும் லீவு எழுதுகிற மனிதர் அவர். போனை வைத்த பிறகும் எனக்கு அந்த ஈரத் துணி கண்ணை விட்டுப் போகவில்லை.

ஜூன் 26

சுகர் நூற்றைம்பதுக்கு வந்துவிட்டது. தாகம் இல்லை. டாக்டர் இருதயப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, அந்த மாத்திரையைக் கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் பெயரிலேயே எழுதிக் கொடுத்தார். புஷ்பலதா கடைக்கு இரண்டு பேரும் போனோம். வெளியே நிற்கிறேன் என்றேன். "மருந்து யாருக்கு? வாங்க" என்றாள் வளர்மதி. புஷ்பலதா சீட்டைப் படித்தாள், எடுத்தாள், பில் போட்டாள். "சாப்பிட்டவுடனே போடாதீங்கண்ணே, கொஞ்சம் நேரம் விட்டுப் போடுங்க. தலை சுத்துனா டாக்டரைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்த்தாள். அவ்வளவுதான். அறந்தாங்கியில் ஒரு மாத்திரைக்குக் கொடுத்ததைவிட, அந்த அட்டை முழுவதற்கும் குறைவு.

ஜூலை 2

விசா நேற்றோடு முடிந்தது. பதினோரு வருட வேலை. அரிசி ஆலையில் லாரி டிரைவர் தேவை என்றார்கள். சம்பளம் அங்கே வாங்கியதில் மூன்றில் ஒரு பங்கு. கால் ஆறிய பிறகு வரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக் கடன் இன்னும் நிற்கிறது. காலையில் மிஷின்கள் ஓட ஆரம்பித்ததும், மூன்று பெண்கள் உழைக்கிற வீட்டில் நான் மட்டும் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"பித்தான் தைக்கத் தெரியுமா?" என்றாள் வளர்மதி. தெரியும் என்றேன். கேம்பில் பதினோரு வருடம் என் சட்டைக்கு நான்தானே தைத்தேன். ஒரு கட்டு நைட்டியை என் மடியில் போட்டுவிட்டுப் போனாள்.

ஜூலை 9

இன்று மாதாந்திர மின்தடை. காலை ஒன்பது மணிக்குப் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். மிஷின் ஓடாது. தைக்க வரும் பெண்களை வர வேண்டாம் என்று நேற்றே சொல்லிவிட்டாள் வளர்மதி. இலக்கியா பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். வளர்மதி வாசல் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கிறது.

இதற்கு மேல் இன்று எழுதுவதற்கில்லை.